அமீன் காட்டிய தட்டு

அல் அமீனின் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு என்ன ஆக்குவது என்பதில் மெஹராஜுக்கு இரண்டாம் யோசனை இருக்கவில்லை. வருகிற சனங்களுக்கு நெய்ச்சோறும் தால்ச்சாவும். மகன் பேர் சொல்லி ஓதுகிற தட்டில் மட்டும் பீன்ஸ் போட்ட கொத்துக்கறி. சவுதியில் அவன் வெள்ளிக்கிழமைதோறும் தன் கையால் ஆக்கி, போனில் தாய்க்குக் காட்டிக் காட்டித் தின்றது அதைத்தான்.

மௌத்தானவர் ஆசையாய்த் தின்றதை நாற்பதுக்கு ஆக்கி, ஓதி, நாலு பேருக்குக் கொடுப்பது பேகம்பூரில் அவள் வாழ்க்கைப்பட்ட தெருவின் வழக்கம். அவளைப் பெற்ற அத்தாவுக்குக் குடல் குழம்பு வைத்தார்கள். பல் போன வாயால் மாமியார் கேட்டுக் கேட்டுக் குடித்த தேங்காய்ப்பால் கஞ்சியை மாமியாருக்கு வைத்தார்கள். அந்த இரண்டு பேரையும் மெஹராஜ் முகம் பார்த்து அனுப்பி வைத்தாள். மகனை அப்படி அனுப்பவில்லை. தூக்கத்தில் நெஞ்சடைத்துப் போனான் என்று ஒரு காகிதம் வந்தது. குளிப்பாட்டியது யார், கபன் துணி சுற்றியது யார், எந்த மண்ணில் வைத்தார்கள், ஒன்றும் தெரியாது. பள்ளிவாசலில் உடல் இல்லாமலே தொழுகை வைத்தார்கள். பெற்றவள் செய்ய மிச்சம் இருந்தது இந்த ஒரு தட்டுதான். அது அவன் ஆக்கினது மாதிரியே இருக்க வேண்டும். அதில் பிசகு வந்தால் அவள் மனம் ஆறாது.

மெஹராஜ் யாரென்றால், தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்த மீரான் ராவுத்தருக்கு மூன்றாவது பெண். மூத்தவளை நத்தத்தில் கொடுத்தார்கள். இரண்டாமவள் வத்தலக்குண்டில் வாழ்ந்து, தலைப்பிள்ளைப் பேற்றிலேயே போய்விட்டாள். இவளையாவது கண்ணெதிரில் வைத்திருப்போம் என்று, தன்னிடம் வேலை பார்த்த கிதர் முகம்மதுக்கே கொடுத்தார் ராவுத்தர். கிதர் முகம்மது தோல் சீவுகிறவர். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறின தோலை மரத்தில் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் இழைத்து இழைத்து, அந்த மனுசனின் நகங்கள் நாற்பது வயதுக்குள் தேய்ந்து போயின. பேச்சும் தேய்ந்த பேச்சுதான். கேட்டதற்கு ஒரு வார்த்தை, கேட்காததற்கு அதுவும் இல்லை. மூன்று பிள்ளை பிறந்து, தங்கியது அமீன் ஒருவன்.

தோல் ஷாப்பு ஒவ்வொன்றாகச் சாத்தினபோது வீட்டைத் தூக்கி நிறுத்தியது மெஹராஜின் கொத்துக்கறி சமோசா. சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் அடுப்பைப் பற்றவைத்தால் பொழுது சாய்கிற மஃரிபு பாங்குக்குள் தட்டு காலி. முப்பது வருசம். மிஷினில் அரைத்த கறியை அவள் தொடமாட்டாள். கறிக்கடையில் நின்று, கத்தியால் கொத்த வைத்து, ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்துத்தான் வாங்குவாள். காலைக் கறியா நேற்றுக் கறியா என்று வாடையிலேயே சொல்லிவிடுவாள். கொத்துக்கறியில் மெஹராஜை ஏமாற்ற முடியாது என்று தெருவில் பேச்சு.

அமீன் இருபத்தைந்து வயதில் சவுதி போனான். பாலைவனத்தில் குழாய் பதிக்கிற கம்பெனி ஒன்று. அதன் கேம்பில் மெஸ்ஸுக்கு எடுபிடியாகச் சேர்ந்து, மூன்றாம் வருசம் குக்கு ஆனான். அங்கிருந்த வெள்ளைக்கார எஞ்சினியர்களுக்கு ஆக்கும் பதார்த்தங்களில் ஒன்றுதான் இது. முதன்முதலில் அதை ஆக்கின அன்றைக்கு அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னான்.

"பீன்ஸு டின்னுல வரும்மா. தக்காளிச் சாறுல ஊறி, செத்த இனிப்பா இருக்கும். கொத்துக்கறிய வெங்காயம் பூண்டு போட்டு நல்லாச் செவக்க வதக்கி, டின்ன அதுல கவுத்திரணும். அகலத் தட்டுல பரப்பி, மேல ரொட்டித் தூளத் தூவி, அடுப்புப் பெட்டிக்குள்ள வச்சா, மேல பொருபொருன்னு சிவந்து வரும் பாரு!"

"கறிக்குள்ள இனிப்பா? ஏலே, அது என்ன வெஞ்சனம்?"

"நீ தின்னு பாத்தா விடமாட்டம்மா."

வருசம் ஒன்பது ஓடியது. இரண்டு தடவை லீவில் வந்தான். முதல் தடவையில் பாஸிலாவை முடித்து வைத்தார்கள். பிள்ளை இல்லை. இரண்டாவது தடவை வந்து போய் இரண்டரை வருசம் ஆகியிருந்தது.

கடைசி எட்டு மாதம், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வீடியோ காலில் வருவான். சம்பளத்தைக் கம்பெனி சேர்த்து வைத்துத் தரும் என்று சொல்லி, பணம் அனுப்புவதை நிறுத்தியிருந்தான். வந்ததும் தட்டைக் காட்டுவான். வெள்ளைப் பீன்ஸு மணிமணியாய், நடுவே சிவப்பாய்க் கொத்துக்கறி.

"பாத்தியாம்மா, எஞ்சினியர் சாப்பாடு."

"கிட்டக் காட்டுடா, கறி வெந்துருக்கான்னு பாப்போம்."

"ஆவி அடிக்கும்மா, கேமரா மங்கிரும்."

மெஹராஜ் அந்தத் தட்டை ஒரு தடவை போனிலேயே படம் பிடித்து வைத்துக்கொண்டாள். அதற்கும் காரணம் உண்டு. கிதர் முகம்மதின் தங்கை சைனம்பு இரண்டு வீடு தள்ளி இருக்கிறவள். வாய் சும்மா கிடக்காது. ஒரு நாள் சமோசா வாங்க வந்த இடத்தில் நாலு பேர் முன்னால் ஆரம்பித்தாள்.

"என்ன மதினி, ஒம்மகன் முகம் ஒட்டிப் போய்க் கெடக்கே? நேத்து ஸ்டேட்டஸ்ல பாத்தேன். தாடி மட்டுந்தான் இருக்கு, கன்னத்தக் காணோம்."

"வெயில்ல கெடக்குறவன் வெள்ளரிக்கா மாதிரியா இருப்பான்? இந்தா பாரு, என் மகன் திங்கிறத." போனை நீட்டினாள் மெஹராஜ். "ஒம்மகன் திருப்பூர்ல தயிர்சோத்தத் தின்னுக்கிட்டுக் கெடக்கான். எம்மகனுக்கு வெள்ளிக்கிழமை எஞ்சினியர் சாப்பாடு."

"அட, கொத்துக்கறியாட்டம்ல இருக்கு!"

"ஆட்டமென்ன ஆட்டம், கொத்துக்கறியேதான். முப்பது வருசமாக் கொத்துறேன், எனக்குத் தெரியாதா?"

மௌத்துக்கு மூன்று வாரம் முன்னால் வந்த வெள்ளிக்கிழமை, தட்டைக் காட்டிவிட்டு அவன் அதை ஓரமாக இறக்கி வைத்தான். பிறகு, "வந்துரவாம்மா?" என்றான்.

மெஹராஜ் சிரித்தாள். "இம்புட்டுச் சாப்பாட்ட விட்டுட்டு எங்கடா வார? மாடியில நாலு சுவரு நிக்கிது. அதுக்கு மேல தளம் போட்டுட்டு வா. பொண்டாட்டியோட மேல இருந்துக்கலாம்."

"சரிம்மா" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மௌத்தான முப்பதாம் நாள் எரியோட்டுப் பாண்டியராஜ் வந்தான். வெங்காயமும் முருங்கையும் போடுகிற வீட்டுப் பிள்ளை. அமீனோடு ஒரே அறையில் ஆறு வருசம் இருந்தவன். தூதரகம் டிக்கெட் போட்டு அனுப்பிய ஆட்களோடு ஊருக்கு வந்திருந்தான். வாசலில் நின்று கிதர் முகம்மதுவிடம் ஒரு பையைக் கொடுத்தான். உள்ளே வரச் சொன்னதற்கு, "நாப்பதுக்கு வாரேன்யா" என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்து பார்க்காமலே போய்விட்டான்.

பையில் இரண்டு சட்டை, ஒரு தொப்பி, கண்ணாடி உடைந்த போன், அடியில் நாலு பீன்ஸ் டின். டின்களை மடியில் வைத்துக்கொண்டு மெஹராஜ் அழுத அழுகை தெருமுனை வரைக்கும் கேட்டது. "எனக்குக் குடுக்கணும்னு வாங்கி வச்சிருக்கான். அம்மா தின்னு பாக்கட்டும்னு வாங்கி வச்சிருக்கான்" என்று அதையே சொன்னாள்.

மருமகள் பாஸிலா அப்போது உள் அறையில் இத்தா இருந்தாள். புருசன் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் அன்னிய ஆண் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். வெள்ளைச் சேலையில் கதவோரம் வந்து நின்று டின்களைப் பார்த்தாள். அழவில்லை.

"மாமி, நாப்பதுக்கு அது வேணாம். அவுகளுக்கு ஒங்க கை சமோசாதான் பிரியம். அதையே வச்சு ஓதிருவோம்."

"சமோசா பத்து வருசத்துக்கு முந்தித் தின்னது. கடைசியா என்ன தின்னானோ அதத்தானே வைக்கணும்?"

"வேணாம் மாமி."

"ஒனக்கு என்னடி தெரியும்? மொத்தம் ஆறு மாசம் குடும்பம் நடத்தியிருப்பியா? அவன் என்ன தின்னான்னு எங்கிட்டல்ல காட்டுனான்!"

பாஸிலா உள்ளே திரும்பினாள். கதவு சாத்திக்கொண்டது.

நாற்பதாம் நாள் விடிந்ததும் மெஹராஜ் கறிக்கடையில் நின்று இரண்டு கிலோ மாட்டுக்கறியைக் கத்தியால் கொத்த வைத்தாள். நாலு டின் பத்தாது என்று, வத்தலக்குண்டிலிருந்து அக்காள் வீட்டுக்காரர் உரித்த பட்டர் பீன்ஸ் ஒரு பை கொடுத்தனுப்பியிருந்தார். அக்காள் போய் நாற்பது வருசம் ஆகியும் நல்லது கெட்டதுக்கு அந்த மனுசன் விட்டதில்லை. பீன்ஸை வேகவைத்து, தக்காளியை அரைத்து வடிகட்டிய சாற்றில், ஒரு கை சீனியும் உப்பும் போட்டு ஊற வைத்தாள். டின் திறக்க வீட்டில் ஆயுதம் இல்லை. கிதர் முகம்மது பரணிலிருந்து தன் பழைய தோல் கத்தியை எடுத்து, ஒரு பக்கம் பிடி கழன்றிருந்த நுனியால் குத்திக் குத்தித் திறந்து கொடுத்தார். மூன்றாவது டின்னில் கை கிழிந்து ரத்தம் வந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு நாலாவதையும் திறந்தார்.

மெஹராஜ் ஒரு பீன்ஸை வாயில் போட்டாள். இனித்தது. மகன் சொன்ன அதே இனிப்பு. பச்சை மிளகாய் கீறிப் போடக் கை பரபரத்தது. போடவில்லை. அவன் மிளகாய் சொல்லவில்லையே.

வெங்காயமும் பூண்டும் சிவந்து, கறி தண்ணீர் விட்டு, தண்ணீர் சுண்டி, தன் கொழுப்பிலேயே பொரிகிற வரைக்கும் கிளறினாள். பீன்ஸைக் கவிழ்த்து, அகலமான தேக்சாவில் பரப்பி, பேக்கரி ரஸ்க்கை நுணுக்கித் தூவினாள். அடுப்புப் பெட்டி இல்லாத வீடு. பிரியாணிக்குத் தம் போடுகிற வகையில், தேக்சா வாயை மாவால் ஒட்டி, கீழே கங்கு கொஞ்சம், மூடி மேல் சிரட்டைக் கரிக் கங்கு நிறைய என்று வைத்தாள். முக்கால் மணி நேரம் அந்த மூடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்கிடையில் ஒரு சின்னச் சட்டியைத் தனி அடுப்பில் ஏற்றினாள். எரியோட்டுப் பையன் வருகிறான். மாடு கும்பிடுகிற வீடு. இந்த வீட்டில் எந்த விசேசம் என்றாலும் அப்படி வருகிறவர்களுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. அது மீரான் ராவுத்தர் காலத்திலிருந்து வருகிற பழக்கம். டின் பீன்ஸில் ஒரு பங்கை எடுத்து வைத்திருந்ததை, வெங்காயமும் மிளகாய்த் தூளும் மட்டும் போட்டு வதக்கி இறக்கினாள். கறி படாத கரண்டியை அதன் மேல் வைத்து மூடினாள்.

மூடியைத் திறந்தபோது ரஸ்க் தூள் பொருபொருவென்று சிவந்திருந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து யாசீன் ஓதி, அமீன் பேர் சொல்லித் துஆ செய்தார். சனங்கள் தின்றார்கள். சைனம்புகூட, "மதினி, நல்லதுக்குச் சொல்றேன், இனிமே சமோசாவ விட்டுட்டு இதையே போடுங்க" என்று சொல்லி, ஒரு கிண்ணம் வீட்டுக்கும் கொண்டு போனாள். மெஹராஜுக்கு நாற்பது நாளில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது. பிசகவில்லை. மகன் தட்டு மகன் தட்டாகவே அமைந்துவிட்டது.

கூட்டம் கலைந்து, மதியம் லுஹருக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் பாண்டியராஜ் வந்தான். பஸ் தாமதம் என்றான். கிதர் முகம்மது பாய் விரித்தார். மெஹராஜ் சோறு வைத்து, சின்னச் சட்டியைக் கொண்டு வந்து பக்கத்தில் இறக்கினாள்.

"இது ஒனக்குன்னு தனியா ஆக்குனது அப்பு. கறி படல. அமீன் போடுற பீன்ஸுதான். கறி மட்டும் இல்ல. பயப்படாமத் தின்னு."

பாண்டியராஜ் ஒரு வாய் வைத்தான். மென்றவன் நிறுத்தினான். தாடை நின்றது. கண் நிறைந்தது.

"என்னப்பு, காரமா?"

"இல்லம்மா." விழுங்கினான். "இதேதாம்மா. அப்படியே இதேதான் ஆக்குவான். எட்டு மாசமும் அவங்கையால இதத்தான் தின்னேன்."

"அவன் கறி போட்டுல்ல ஆக்குவான்?"

பாண்டியராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒனக்குன்னு தனியா ஆக்கித் தந்தானா?"

"இல்லம்மா."

"பெறகு?"

"ஏது கறி? கறிக்கு எங்கம்மா போறது?" சோற்றில் வைத்த கையை எடுத்தான். "கம்பெனிய மூடிட்டு மொதலாளி எங்கயோ போயிட்டான். பாஸ்போட்டும் அவங்கிட்ட. கரண்டக் கூட நிறுத்திட்டாங்க. மெஸ்ஸு ஸ்டோர்ல இந்த டின்னு பொட்டி பொட்டியாக் கெடந்துச்சு. பூட்ட ஒடச்சு அதத்தான் தின்னோம். காலையில அது, ராத்திரிக்கு அது. பக்கத்துல ஒரு பள்ளிவாசல்ல காஞ்ச ரொட்டி தருவாக, போனுக்கும் அங்கதான் சார்ஜு."

"நான் பாத்தேனே. என் கண்ணால பாத்தேனே, செவப்பா, கொத்துக்கறி."

"அது ரொட்டிம்மா." அவன் சொல்லத் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. "காஞ்ச ரொட்டியப் பிச்சு, உள்ளங்கையில வச்சுப் பொடிப் பொடியாத் தேச்சு, மொளகாத்தூளப் போட்டுக் கருக வறுப்பான். ஒங்களுக்குக் காட்டணும்னு வெள்ளிக்கிழமை மட்டும். போனப் பிடிச்சுக்கிட்டு நின்னது நாந்தான். 'கிட்டப் பிடிக்காதடா, எங்கம்மா கொத்துக்கறியில கெட்டி, கண்டுபிடிச்சிரும், தள்ளிப் பிடி'ம்பான். ஒங்க முகம் தெளிஞ்சதும் போன வச்சுட்டு அந்தத் தட்ட ரெண்டு பேரும் தின்போம்."

கிதர் முகம்மது எழுந்தார். துணி சுற்றிய கையைப் பார்த்தார். செருப்புப் போடாமலே பள்ளிவாசல் பக்கம் நடந்து போனார்.

மெஹராஜ் அழவில்லை. நாற்பது நாளாய் அழுதவள், அப்போது அழவில்லை. "நீ சாப்பிடு அப்பு. சோத்துல கைய வச்சுட்டு எந்திரிக்காத" என்றாள். அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தாள். கை கழுவத் தண்ணீர் கொடுத்தாள். வாசல் வரை வந்து அனுப்பி வைத்தாள்.

திரும்பி வந்து அடுக்களைக்குப் போனாள். கிதர் முகம்மதுக்குச் சர்க்கரை வியாதி. காலையில் சுட்ட சப்பாத்தி இரண்டு காய்ந்து கிடந்தன. எடுத்துப் பிய்த்தாள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பொடித்தாள். வாணலியை அடுப்பில் வைத்து, எண்ணெய் பாட்டிலைச் சாய்த்தாள்.

"எண்ணெ ஊத்தாதீங்க மாமி."

கதவோரம் பாஸிலா நின்றாள்.

"அவுககிட்டக் கடைசி ரெண்டு மாசம் எண்ணெ இல்ல. வெறும் சட்டியிலதான் வறுத்தாக."

மெஹராஜின் கை அப்படியே நின்றது. "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"மொதத் தட்டுல இருந்து. அம்மாகிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக." பாஸிலா சேலை முந்தியை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "வந்துரவாம்மான்னு கேட்டாகளே, அன்னைக்கு நான் ஒங்க பின்னாடிதான் நின்னேன். அம்மா வாடான்னு ஒரு வார்த்த சொன்னா, தூதரகத்து வாசல்ல போய் உக்காந்துருவேன், எப்படியும் அனுப்பிருவாகன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தாக."

வாணலி காய்ந்து புகைந்தது. மெஹராஜ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, விழுந்திருந்த கொஞ்சம் எண்ணெயையும் சேலை முந்தியால் துடைத்தாள். சூடு கையில் ஏறியிருக்க வேண்டும். கையை இழுக்கவில்லை. பொடித்த சப்பாத்தியைக் கொட்டி, மிளகாய்த் தூள் போட்டு, கருக வறுத்தாள். சின்னச் சட்டியில் மிச்சம் இருந்த பீன்ஸோடு சேர்த்துத் தட்டில் போட்டாள்.

தட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். கொத்துக்கறியேதான். கிட்டக் கொண்டுவந்தாள். ரொட்டி.

இரண்டு பேரும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்தார்கள். நடுவில் அந்த ஒரே தட்டு. ரொட்டி தொண்டையில் மரத்தூள் போல நின்றது. மெஹராஜ் தண்ணீர் குடிக்கவில்லை.

கொண்டு போன கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த சைனம்பு, நடையில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"என்ன மதினி, மாமியாரும் மருமகளும் இப்பத்தான் சாப்பிடுறீகளா? கொத்துக்கறி மிச்சம் இருக்கா?"

மெஹராஜ் தட்டைத் தன் மடிப்பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஆமா, கொத்துக்கறிதான். நீ கிண்ணத்த அங்கயே வச்சுட்டுப் போ."

சைனம்பு கிண்ணத்தை வைத்தாள். அவள் செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்த பிறகு மெஹராஜ் தட்டை மறுபடி நடுவில் வைத்தாள். பாஸிலா அடுத்த வாய் எடுத்தாள்.